டீ குடிச்சிட்டு வந்தா முதல் குண்டு மேலே போகுது!

ஏர் ரைஃபிள்னு சொன்னதும் திருவிழாவில் பலூன் சுடுற துப்பாக்கியை நினைச்சுக்காதீங்க மக்களே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள். நடுவில் இருக்கும் பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்!

எங்க கிளப்பில் ஒரு ஜூனியர். நல்லா சுடுவான். ஆனா இடைவேளை முடிஞ்சு வந்து சுடுற முதல் குண்டு மட்டும் கொஞ்சம் மேலே போயிடும். "மூச்சைக் கவனி, மனசு அலையுது"ன்னு ஆளாளுக்கு உபதேசம். பாவம், டீ குடிக்கிறதையே நிறுத்திட்டான். மாவட்டத் தேர்வுக்குப் போகலாமா வேண்டாமான்னு யோசிக்க ஆரம்பிச்சான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மனசு அலைஞ்சா குண்டு நாலா பக்கமும் போகணும். எப்பவும் மேலேயே ஏன் போகணும்?

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கு. ரெகுலேட்டர் அதைக் குறைச்சு, எங்க ரைஃபிளில் சுமார் 70 பாருக்கு, பிளீனம்ங்கிற சின்ன அறையில் நிரப்பும். குண்டைத் தள்ளுறது அந்த அறைக் காற்றுதான். மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு இருக்கே, அதே வேலை. வாஷர் தேஞ்சா என்ன ஆகும்? வால்வு மூடின பிறகும் சொட்டிக்கிட்டே இருக்கும். ரெகுலேட்டர் சீட்டில் ஒரு கீறலோ தூசியோ இருந்தாலும் அப்படித்தான். நீங்க டீ குடிக்கிற நேரத்தில் பிளீனத்தில் அழுத்தம் மெதுவா ஏறிடும். இதுக்குப் பேர்தான் ரெகுலேட்டர் கிரீப்.

குரோனோகிராஃப் இரவல் வாங்கி வேகத்தை அளந்தோம். அரை நிமிஷ இடைவெளியில் சுட்டா நொடிக்கு 170 மீட்டர். பத்து நிமிஷம் சும்மா வெச்சுட்டுச் சுட்டா 175. இவ்வளவுதானேன்னு தோணும். ஆனா வேகம் கூடினா குண்டு கீழே இறங்குறது குறையும். 10 மீட்டரில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்கு 0.1 மதிப்பெண், ஆக 0.4 வரைக்கும் போச்சு! 2016 ரியோவில் பிந்த்ரா நாலாவது இடத்துக்குப் போனது 10.5-க்கு எதிரா 10.0 சுட்டதால்தான்.

"பெரிய பிளீனம் போட்டா சரியாயிடும்"னார் ஒரு சீனியர் அண்ணன். பாதி சரி. சாதாரண அழுத்தத்தில் 40 சிசி வரும் காற்று கசிஞ்சு உள்ளே வந்தா, 10 சிசி அறையில் 4 பார் ஏறும். 40 சிசி அறையில் 1 பார்தான். சுடும்போது அழுத்தம் இறங்குறதும் அதே மாதிரி குறையும், அதனால் பெரிய அறை நல்லதுதான். ஆனா சொட்டுற குழாய்க்குக் கீழே டம்ளரை எடுத்துட்டு அண்டா வைக்கிற கதை இது. ராத்திரி முழுக்க விட்டா அண்டாவும் நிரம்பும். என்னைக் கேட்டா முதலில் சீட்டை மாத்தணும், அப்புறம்தான் பிளீனம். (வீட்டில் பிரிச்சுப் பார்க்காதீங்க சாமி, 200 பார்! சர்வீஸ் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.)

பயிற்சியில் முதல் குண்டை வேறெங்காவது சுட்டுத் தள்ளிடலாம். போட்டி ஆரம்பிச்ச பிறகு முடியாது, 60 குண்டும் கணக்கு.

இன்னொண்ணு. எல்லா ரைஃபிளிலும் மேலேதான் போகும்னு இல்லை. ஹாமர் அடி பலமில்லாத ரைஃபிளில் அழுத்தம் கூடினா வால்வு சரியா திறக்காது, வேகம் குறைஞ்சு குண்டு கீழே போகும். உங்களுது எந்தப் பக்கம்னு பத்து நிமிஷம் காத்திருந்து சுட்டுப் பாருங்க.