பி.ஆர். என்றால் ப்ரூம்

என் பேத்தி விமான ஓட்டிப் படிப்பில் இருக்கிறாள் என்று முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 70 எடுத்தால்தான் தேர்ச்சி. போன வருடம் வானிலைத் தாளில் 64 வாங்கிக்கொண்டு, பத்து நாள் விடுப்பில் தருமபுரிக்கு வந்து சேர்ந்தாள். யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மாடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்த மாதிரித் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதைப் பாருங்க தாத்தா. மழைக்கு ஆர்.ஏ., மூடுபனிக்கு எஃப்.ஜி. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. லேசான பனிமூட்டத்துக்கு மட்டும் பி.ஆர்.னு போட்டிருக்கு. ஆலங்கட்டிக்கு ஜி.ஆர்., புகைக்கு எஃப்.யு. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. மனப்பாடம் பண்ணினா மறுநாளே மறந்துபோகுது."

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ப்ரூம், க்ரேல், ஃப்யுமே. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொற்கள்! தரையோடு ஒட்டிய மெல்லிய மூடுபனிக்கு எம்.ஐ., அது 'மேன்ஸ்', மெல்லிய என்று பொருள். திட்டுத் திட்டாக நின்றால் பி.சி., அது 'பான்'. விமான நிலையங்கள் அரை மணிக்கொரு தரம் வெளியிடும் 'மெட்டார்' என்ற வானிலை அறிக்கையில், உலகம் முழுதும் இந்தக் குறிகள்தான்.

அப்பாவுக்கு வேலை மாறி இந்த ஊருக்கு வந்தபின் என் பிரெஞ்சு பரணில் ஏறிவிட்டது. சர்க்கார் வேலையில் இருந்தவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. தெரிந்த மொழிகள் என்ற பத்தியில் எழுதியிருந்ததைப் பார்த்து, "இது எதுக்குய்யா?" என்று ஒரு மேலதிகாரி கேட்டதோடு சரி. இப்போது கேட்பதற்கு ஒருத்தி வந்தாள். அன்றிரவு பதினொரு மணி வரை உட்கார்ந்தோம்.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அந்த ஐந்தாறு சொற்கள்தான். மற்றதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது. உதாரணமாக, தாலுகா அலுவலகத்தில் இருந்தபோது தினமும் காலை 8.30க்கு மழைமானித் தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுதுவோம். ஏன் எட்டரை, ஒன்பதாக இருந்தால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நம் எட்டரை என்பது கிரீன்விச் கணக்கில் சரியாக அதிகாலை 3 மணியாம். உலக வானிலை நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கணக்கெடுக்கும் மணிகளில் அது ஒன்று. இது தெரியாமலே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

மெட்டாரில் வெப்பநிலையை அடுத்து ஒரு எண் வரும், பனிநிலை. காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியும் என்பதன் கணக்கு அது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதேதான். 18, 17 என்று இரண்டும் நெருங்கி, காற்றும் அசையாமல், வானமும் தெளிவாக இருந்தால் விடியற்காலை மூடுபனியை எதிர்பார்க்கலாம். மார்கழி, தையில் பெங்களூர் தேவனஹள்ளியில் விமானங்கள் காத்துக் கிடப்பது இதனால்தான். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் எஃப்.ஜி., அதற்கு மேல் 5,000 வரை பி.ஆர்.

ஆனால் பயிற்சி மாணவர்களை உண்மையில் பயமுறுத்தவேண்டியது இடிமேகம். சித்திரையில் மாங்காய் பறிக்கிற நேரத்தில் நம் பக்கம் வருமே, அது. மழைக்கு முன்னால் ஜில்லென்று ஒரு காற்று அடிக்கும். நாம் திண்ணையில் உட்கார்ந்து "அப்பாடா" என்போம். அது மேகத்திலிருந்து மழையோடு கீழே விழுந்த குளிர்ந்த காற்று. தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அது முதலில் எதிர்காற்று. வேகம் கூடியதுபோல் காட்டும். மேகத்தின் அடியைத் தாண்டியதும் அதுவே பின்காற்றாகிவிடும். வேகம் திடீரென விழும், தரையோ பக்கத்தில். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் இறங்க வந்த டெல்டா 191 விமானம் இப்படித்தான் விழுந்தது. 137 பேர் மாண்டார்கள். இதைப் பேத்தி ஏதோ கணக்குப்பாடம் போலச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத்தான் கை சில்லிட்டது. இந்தப் படிப்பு வேண்டாம் என்று என் மகன் முதலில் மறுத்தபோது அவளுக்காகப் பரிந்து பேசியவன் நான்.

மறுதேர்வில் 82 வாங்கினாள்.

இந்த ஏப்ரலில் அவள் தனியாக நெடுந்தூரம் ஓட்டவேண்டிய நாள் வந்தது. புறப்படும்போது வானம் சுத்தம். பாதி வழியில் எதிரே காலிஃபிளவர் போல ஒரு மேகம் குவிந்து, உச்சி பட்டறைக்கல் மாதிரி விரிய ஆரம்பித்ததாம். இந்த மாதிரி மேகத்துக்கு 20 மைல் விலகியிருக்கவேண்டும் என்பது பாடம். சுற்றிப்போக எரிபொருள் போதும், ஆனால் அடுத்து என்ன நிற்கிறதோ தெரியாது. திரும்பிவிட்டாள்.

அந்தப் பயணம் கணக்கில் சேராது. மறுபடி பணம் கட்டவேண்டும். ஒரு மணி நேரப் பறப்புக்கு ஆகும் செலவு என் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். "கூட வந்த பையன் போய்ச் சேர்ந்துட்டானாமே, இவளுக்கு மட்டும் என்ன?" என்று மகன் போனில் கத்தினான். அவன் வேறு திசையில் போனவன் என்று நான் சொன்னது காதில் விழவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் தகரக் கூரையில் கல் கொட்டுகிற சத்தம். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளி கால் மணிதான் ஆகிறதாம்.

"தாத்தா, க்ரேல்!" என்றாள்.

அடுத்த வாரம் அதே தடத்தை முடித்துவிட்டாள். பணம் நான் கட்டினேன்.