மரம் அறிந்த சமையல்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு ஏறும் சாலைக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்குள் பாதி மறைந்த ஓட்டு வீடு. ஆவணி மாதம். திண்ணையில் சாக்கு விரித்து வெண்ணெய்ப் பழக் காய்களைக் கொட்டியிருக்கிறார்கள், நான்கு குவியல்களாக. ஒன்றில் உருண்டைக் காய்கள். ஒன்றில் கழுத்து நீண்டவை. ஒன்றில் தோலில் கருஞ்சிவப்பு ஓடியவை. கடைசிக் குவியலில் சொரசொரப்பான சின்னக் காய்கள்.

வீட்டுக்கு மூத்தவர், பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா, குவியல்களுக்கு நடுவே குத்தவைத்துக் காம்பு ஒடிந்த காய்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருக்கிறார். காம்போடு பறித்தால்தான் காய் தாங்கும். காம்பு பிடுங்கிய குழி வழியே அழுகல் இறங்கிவிடும். ஆகவே ஒடிந்தவை வியாபாரியின் வண்டியில் ஏறாது. வீட்டுச் சமையலுக்குப் போகும்.

மகன் தொரட்டியும் கையுமாகச் சரிவில் ஏறி வருகிறார். தொரட்டி முனையில் காய் கீழே விழுந்து கன்றிப்போகாமல் இருக்க ஒரு வலைப்பை. "பாறை மரத்துல இன்னும் ரெண்டு கொத்து கெடக்கும்மா. பறிச்சிரவா?"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. அந்த மரத்துக் காய் ஒன்றை அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்து கொட்டையைப் பார்க்கிறார். கொட்டையின் தோல் வெளிறி இருந்தால் காய் முற்றவில்லை, பழுப்பேறியிருந்தால் முற்றிவிட்டது. இது பழுப்பு. "பறிச்சிருப்பா" என்கிறார்.

மரத்தில் இருக்கும்வரை இந்தக் காய் கனியாது. பறித்து வைத்தால்தான் மெல்ல இளகும். ஒரு வாரம் பிடிக்கும், சிலவற்றுக்குப் பத்து நாள். அவசரம் என்றால் அரிசிப் பானைக்குள் ஒரு மலைவாழைப்பழத்தோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு காயைச் சீக்கிரம் கனியவைக்கிறது. அப்பத்தா பானைக்குள் கை விட்டு, காம்பைச் சுற்றிப் பெருவிரலால் லேசாக அழுத்துகிறார். இளகியிருந்தால் இன்றைக்கு, கல்லாக இருந்தால் மீண்டும் அரிசிக்குள்.

அடுப்படியில் மருமகள் சப்பாத்திக்கு மாவு எடுக்கிறார். அப்பத்தா பானையில் கனிந்த உருண்டைக் காயில் ஒன்றைப் பிளந்து, கொட்டையை நீக்கி, கரண்டியால் சதையை வழித்து மாவில் போடுகிறார். எண்ணெய் விடவில்லை. உப்பும், கடைசியில் ஒரு கை தண்ணீரும்தான். மாவு வெளிர்பச்சையாகத் திரண்டு பந்தாகிறது. நூறு கிராம் சதையில் சுமார் பதினைந்து கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி, ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்ற ஒலீயிக் அமிலம். எண்ணெய் செய்யும் வேலையை இங்கே பழமே செய்கிறது. சுட்டு அடுக்கிய சப்பாத்தி மதியம்வரை விறைக்காமல் கிடக்கிறது.

மதியத்துக்குத் துவையல். இதற்கு எடுப்பது கழுத்து நீண்ட காய். பச்சை மிளகாய், சீரகம், இரண்டு பல் பூண்டு, கொத்தமல்லித்தழை. எல்லாவற்றையும் வதக்கி, ஆறவைத்து, அம்மியில் அரைத்த பிறகுதான் சதை சேர்கிறது. உடனே எலுமிச்சைச் சாறு. காற்றுப் பட்டால் கறுக்கும் சதை, புளிப்பு சேர்ந்தால் நெடுநேரம் பச்சையாகவே இருக்கும்.

அடுப்பில் பருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. மருமகள் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். மீந்த பாதிப் பழத்தைத் துண்டு போட்டுக் கையில் ஏந்தி, "அத்த, இதக் கொழம்புல போட்டுரவா?" என்கிறார்.

"வேணாம்த்தா. கொதிச்சா கசந்துரும். எறக்கி வச்சு, சூடு தணிஞ்சப்பறம் போடு."

நீண்ட நேரம் சூடேறினால் இந்தப் பழத்தில் கசப்பு தோன்றும். மருமகள் குழம்பை இறக்குகிறார். துண்டுகளைத் தயிர்ப் பச்சடிக்கு மாற்றுகிறார். சின்ன வெங்காயம், துருவிய கேரட், தாளித்து ஆறவிட்ட கடுகு, கறிவேப்பிலை. கேரட்டின் மஞ்சள் சத்தை உடம்பு ஏற்கக் கொழுப்பு வேண்டும். தயிரும் பழமும் அதைக் கொடுத்துவிடுகின்றன.

பள்ளிவிட்டு வந்த பேத்தி, பானையிலிருந்து தானே ஒரு பழத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறாள். அப்பத்தா அவள் கையைப் பிடித்துக் கருஞ்சிவப்புப் பழத்தின் பக்கம் திருப்புகிறார். "அது கெணத்தடி மரம் ஆயி. பாலுக்கு அதுதான்." அந்த மரத்துப் பழத்தில் நீர் அதிகம், நார் இல்லை. நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் பாலும் சேர்த்து மத்தால் இரண்டு சுற்றுச் சுற்றினாலே கரைந்துவிடுகிறது. சொரசொரப்புக் குவியல் பாறை மரத்தினுடையது, கொழுப்பு மிகுந்தது. அதை உப்பும் மிளகும் தூவிச் சோற்றோடு பிசைவார்கள், நெய் இல்லாத நாளில்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதார்த்தம். இந்த அடுப்படியின் அறிவு இதுதான். மரத்துக்கு மரம் பழம் மாறுவதற்குக் காரணம் பூவில் இருக்கிறது. வெண்ணெய்ப் பழப் பூ முதல் நாள் பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும். மறுநாள் ஆணாக விரியும். ஒரு வகை மரத்தில் பெண்பூ காலையில் திறந்தால், இன்னொரு வகையில் மாலையில்தான் திறக்கும். ஆகவே பெரும்பாலும் வேற்று மரத்து மகரந்தம்தான் சேர்கிறது. கொட்டை போட்டு முளைத்த கன்று தாயைப் போலக் காய்க்காது. இந்த மலையில் காப்பிக்கு நிழலாக முன்பு கொட்டை போட்டு வளர்த்த மரங்கள் ஒவ்வொன்றும் தனிப்பிறவி.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாய்நிலம். நம் வீட்டு இலவங்கப்பட்டைக்கு இது தாவரக் குடும்பத்தில் உறவு. கீழ்ப்பழனி மலை இதை நன்றாகவே ஏற்றுக்கொண்டது. சில மைல் தள்ளித் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட வகைதான் டி.கே.டி. 1.

மாலையில் வியாபாரியின் வண்டி வந்து நிற்கிறது. தராசில் ஏறும்வரை நான்கு குவியல். இறங்கும்போது ஒரே சாக்கு. கிணற்றடி மரமும் பாறை மரமும் ஒன்றன்மேல் ஒன்றாக உருள்கின்றன. அப்பத்தா திண்ணையைப் பெருக்குகிறார். நகரத்தில் இதை வாங்குபவர், ஒரு பழம் இனித்து அடுத்த பழம் சப்பென்று இருப்பதைக் கண்டு, நாட்டுக் காய் நம்பத் தகாதது என்று முடிவு செய்வார். பிறகு கடல் கடந்து வந்த ஹாஸ் பழத்தைத் தேடுவார்.

அந்த ஹாஸும் இப்படி ஒரு கொட்டையில் முளைத்த மரந்தான். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் நட்ட ஒற்றை மரம் அது. 1935இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகச் சந்தையில் விற்கும் ஹாஸ் பழமெல்லாம் அந்த ஒரு மரத்தின் ஒட்டில் வந்தவை. ஒருவர் தன் தோட்டத்து மரத்தைத் தனியாகக் கவனித்ததால் அது நடந்தது. இந்த அடுப்படியில் அதே கவனிப்பு தினமும் நடக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மரத்தை வெட்டுமுன் அதன் காயை உங்கள் வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, எதற்கு ஆகும் என்று கேளுங்கள். நல்லது என்று அவர்கள் சொல்லும் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வையுங்கள். வாங்குகிறவர்கள் ஆடி, ஆவணியில் மலைக்காயைக் கேட்டு வாங்குங்கள். சப்பென்று இருந்தால் பாலில் அடியுங்கள், கெட்டியாக இருந்தால் துவையல் அரையுங்கள். எதுவானாலும் கொதிக்கும் குழம்பில் மட்டும் போடாதீர்கள்.