இரண்டு ஒன்றுகளும் ஒரு இரண்டும்

குஸ்தியில் புள்ளி போடும் முறையைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம்முடைய பத்திரிகைகளில் யாராவது குஸ்தியைப் பற்றிப் பேசினால் அது ரோலான் பார்த்தில் தொடங்கி அவரிடமே முடிந்துவிடுகிறது. 1957-ல் வந்த 'மித்தாலஜீஸ்' தொகுப்பின் முதல் கட்டுரை குஸ்தியைப் பற்றியதுதான். ஆனால் அவர் எழுதியது காட்சிக்காக நடத்தப்படும் குஸ்தி. அங்கே யார் ஜெயிப்பது என்பது முக்கியமில்லை. வேதனைக்கும் தண்டனைக்கும் ஒரு உருவம் கிடைத்தால் பார்வையாளனுக்குப் போதும். நான் சொல்லப்போவது அதன் ஏழைச் சகோதரனான அமெச்சூர் குஸ்தியைப் பற்றி. இங்கே முடிவு யாருக்கும் தெரியாது. ஆகவே யாராவது தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிப்பது என்ற இந்தக் காரியம்தான் என்னை இழுத்தது. விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்துவருவதும் அதுதானே.

வேலை நிமித்தமாகச் சில வருஷங்கள் கோலாப்பூரில் இருந்தேன். ஷாஹு மகாராஜா கட்டுவித்த காஸ்பாக் மைதானம் அங்கே இருக்கிறது. நடுவில் செம்மண் களம், சுற்றிலும் ஜனங்கள். மண் குஸ்தியின் பழைய வழக்கத்தில் புள்ளி கிடையாது. எதிராளியின் முதுகு மண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். நடுவர் சொல்வதற்கு முன்பே கூட்டம் சொல்லிவிடும். அதே ஊரில் மெத்தை மேல் நடக்கும் போட்டிகளுக்குப் போனபோது முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ரெஃப்ரியின் ஒரு கையில் சிவப்புப் பட்டை, மறு கையில் நீலப் பட்டை. திடீரென்று நீலக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுகிறார். எதற்கு இரண்டு? பக்கத்துக் குடித்தனக்காரர் ஒரு பழைய பயில்வான். கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

இன்றைய விதிகளின்படி சொல்கிறேன். எதிராளி வட்டத்துக்கு வெளியே காலை வைத்துவிட்டால் நமக்கு ஒன்று. அடியில் அகப்பட்டவன் புரண்டு மேலே வந்துவிட்டால் ஒன்று. நின்றவனைத் தரைக்குக் கொண்டுவந்து பின்புறமாகப் பிடியில் வைத்துக்கொண்டால் இரண்டு. அவன் முதுகை மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டால், முதுகுக்கும் மெத்தைக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைந்துவிட்டால், இரண்டு. நின்ற நிலையிலிருந்து நேராக அந்த நிலைக்கே எறிந்தால் நான்கு. தலைக்கு மேலாகப் பெரிய வளைவில் தூக்கி எறிந்தால் ஐந்து. மூன்று நிமிஷங்கள் கொண்ட இரண்டு சுற்றுகள். இரண்டின் புள்ளிகளும் சேர்த்தே எண்ணப்படும். ஃப்ரீஸ்டைலில் பத்துப் புள்ளியும், இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாத கிரேக்க-ரோமன் முறையில் எட்டுப் புள்ளியும் முன்னால் போய்விட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு விதி. இரண்டு தோள்பட்டையும் சேர்ந்து மெத்தையில் அழுந்தினால் அதற்குப் புள்ளி இல்லை. ஆட்டமே முடிந்தது. ஒன்பதுக்குச் சைபர் என்று பின்தங்கிக் கிடப்பவன்கூட எதிராளியை மல்லாத்திவிட்டால் ஜெயித்தவன் அவன்தான். ஒன்பது புள்ளியும் செல்லாக்காசு.

முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. யோசிக்க யோசிக்க வேறுவிதமாகத் தோன்றியது. பெரிய புள்ளிகளைப் பாருங்கள். அவை பலத்தை அளப்பவை அல்ல, அழகையும் அல்ல. எதிராளியின் முதுகு தரைக்கு எவ்வளவு சமீபத்தில் வந்தது என்பதை அளக்கின்றன. 90 பாகை என்ற கணக்கு வேறு எதற்கு? புள்ளி என்பது மல்லாத்துவதை நோக்கிப் போன வழியில் பதிந்த காலடி. போய்ச்சேர்ந்தபின் காலடிகளை யாரும் எண்ணுவதில்லை.

அப்படியானால் மல்லாத்துவது ஒன்றே போதாதா? 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அதைப் பரீட்சித்துப் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. ரஷ்யாவுக்காக ஆடிய எஸ்டோனியர் மார்ட்டின் கிளைனும் ஃபின்லாந்தின் ஆல்ஃப்ரெட் அசிகைனனும் கிரேக்க-ரோமன் அரையிறுதியில் 11 மணி 40 நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஜெயித்த கிளைனுக்கு இறுதிப் போட்டியில் இறங்கத் தெம்பு இல்லை. தங்கம் ஸ்வீடனின் கிளாஸ் யோஹான்சனுக்குப் போயிற்று. அதே ஒலிம்பிக்கில் இன்னொரு எடைப் பிரிவின் இறுதி ஆட்டத்தில் ஆல்கிரெனும் பேலிங்கும் ஒன்பது மணி நேரம் போராடியும் முடிவு வரவில்லை. இருவருக்கும் வெள்ளி, தங்கம் யாருக்கும் இல்லை. அறுதியான வெற்றி ஒன்றையே ஒப்புக்கொள்வேன் என்றால் ஜெயித்தவனும் மிஞ்சமாட்டான்.

மறு கோடிக்குப் போன காலமும் உண்டு. 2005-லிருந்து 2012 வரை ஆட்டத்தை இரண்டிரண்டு நிமிஷத் துண்டுகளாக்கி, மூன்றில் இரண்டு துண்டை எடுத்தவனுக்கு வெற்றி என்றார்கள். ஒன்றுக்குச் சைபர் என்று இரண்டு துண்டை எடுத்தவன், இடையில் ஒன்றை ஐந்துக்குச் சைபர் என்று தோற்றிருந்தாலும் ஜெயித்துவிடுவான். ஒரு துண்டில் இருவருமே புள்ளி எடுக்காவிட்டால் பையில் கைவிட்டு ஒரு வர்ணப் பந்தை எடுப்பார்கள். எவனுடைய வர்ணம் வந்ததோ அவன் எதிராளியின் காலைப் பிடித்த நிலையில் ஆட்டத்தைத் தொடரலாம். அனேகமாக அங்கேயே கதை முடிந்துவிடும். பயில்வான்கள் இரண்டு நிமிஷம் சும்மா நின்று பந்துக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். 2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு, 2020-லிருந்து குஸ்தியை நீக்கிவிடலாம் என்று சிபாரிசு செய்தது. உடனே விதிகள் மாறின. துண்டுகள் போயின, பந்து போயிற்று, தரைக்குக் கொண்டுவருவதற்கு ஒன்றாக இருந்த புள்ளி இரண்டாயிற்று. அந்த வருஷம் செப்டம்பரில் குஸ்தி தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. காரணங்களில் நிர்வாகமும் அரசியலும் உண்டு. என்றாலும், எதற்காகப் புள்ளி என்பதை மறந்த கணக்கு ஆட்டத்தையே தின்றுவிடும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சும்மா நிற்பது இப்போது குற்றம். முதலில் எச்சரிக்கை. மேலும் ஒதுங்கி நின்றால் ஃப்ரீஸ்டைலில் 30 விநாடி கெடு. அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒன்று. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் ஜப்பானின் யூய் சுசாகியை எதிர்த்து ஆடியதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வெளிநாட்டவர் எவரிடமும் அதுவரை தோற்றிராதவர் சுசாகி. வினேஷின் செயலின்மைக்காக அவருக்கு ஒன்று, பிறகு மறுபடியும் ஒன்று. கடைசி விநாடிகளில் வினேஷ் அவரைத் தரைக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கு இரண்டு. சமநிலையில் முதலில் பார்ப்பது யார் எடுத்த பிடிக்கு மதிப்பு அதிகம் என்பதை. இரண்டு ஒன்றுகள் ஒரு இரண்டுக்குச் சமம் இல்லை! ஜப்பான் தரப்பு மறுபரிசீலனை கேட்டுத் தோற்றதில் இன்னொரு புள்ளியும் சேர்ந்து மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தது. மறுநாள் காலை 100 கிராம் எடை கூடியதால் அவர் தகுதி இழந்தது தராசின் கதை, வேறு கதை. கணிதத்தில் பொய்யான ஒரு சமன்பாட்டை மதிப்பீட்டில் மெய்யென்று ஒப்புக்கொள்ளும் அந்த விதிதான் எனக்கு முக்கியம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அமைப்பு தன் கவிதைப் பரிசுக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னைப் போட்டது. தபாலில் ஒரு தாள் வந்தது. கருத்துக்கு 25, நடைக்கு 25, புதுமைக்கு 25, சமூகப் பயனுக்கு 25. வந்த தொகுப்புகளில் ஒன்றில் பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்று இருந்தது. அது என்னை மல்லாத்திவிட்டது. தொகுப்பில் மற்றவை சுமார்தான். நடந்ததை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. மூவரும் சந்திக்கவே இல்லை. மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். மூவரில் யாருமே முதலிடம் தராத ஒரு புத்தகத்துக்குப் பரிசு போயிற்று. எழுதிக் கேட்டதற்கு, பாரபட்சத்தைத் தவிர்க்கவே இந்த முறை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

குஸ்தியிலும் மூன்று பேர்தான்: மெத்தை மேல் ரெஃப்ரி, ஓரத்தில் ஜட்ஜ், மேஜைக்குப் பின்னால் சேர்மன். அவர்கள் சராசரி எடுப்பதில்லை. ஒருவர் நான்கு என்று, இன்னொருவர் இரண்டு என்று சொன்னால் மூன்று கொடுப்பதில்லை. இன்னதுதான் நடந்தது என்று மூவரில் இருவராவது ஒப்ப வேண்டும். சராசரி யாருடைய அனுபவமும் அல்ல. ஒப்புதல் இரண்டு பேர் கண்ணால் கண்டது.

இதைக் கேட்டு, ரசனை ஒன்றே போதும் என்னும் நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். மல்லாத்தியதையும் ரெஃப்ரி தனியாகத் தீர்மானித்துவிட முடியாது. இன்னொருவர் ஆமோதித்த பிறகுதான் அது செல்லும். 'என்னைப் பாதித்தது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் 1912-ன் மெத்தையில் நிற்கிறார். எதிரே நிற்பவரும் அதையே சொல்லலாம். பொழுது சாயும் வரை இருவரும் பிடியைத் தளர்த்த வேண்டியதில்லை. எந்தச் சொல்லில் கால் வழுக்கியது, எந்த வரியில் முதுகு திரும்பியது என்று காட்ட வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவன் 'ஆம், நானும் பார்த்தேன்' என்றோ 'இல்லை, ஒரு தோள்தான் பட்டது' என்றோ சொல்ல முடியும்.

பரிசுத் தாள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நூறு மதிப்பெண்ணுக்கு வெளியே, கூட்டலில் சேராத ஐந்தாவது கட்டம் ஒன்று இருந்தால் போதும். பெரும்பாலான வருஷங்களில் அது காலியாகவே இருக்கும். நிரம்பினால் மற்ற நான்கும் செல்லாது. நிரப்புகிறவர் வரியைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற இருவரில் ஒருவராவது கூடப் போட வேண்டும்.