நெஞ்சைப் பிளந்து பார்க்க இயலாத நீதிமன்றம்



காரைக்காலில் நாம் ஓதிக்கொடுக்கும் மாலை மதரஸாவில், செயல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்னும் ஹதீஸைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், நிய்யத் அல்லாஹ்வுக்கு மட்டும்தானே தெரியும்? அப்புறம் குண்டு வச்சவன் எந்த எண்ணத்தில வச்சான்னு கோர்ட்டுல எப்படிச் சொல்றாங்க?” என்று கேட்டான். நாளை விடை கூறுவதாகச் சொல்லிப் பாடத்தை முடித்தோம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அவனுடைய வாப்பா நம்மைத் தேடி வந்தார். “பாடத்தோட நிறுத்திக்குங்க ஹஜ்ரத். நம்ம பிள்ளைங்க வாயில இந்தப் பேச்சே வரக்கூடாது” என்றார். அவருடைய அச்சம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் அறிவைத் தேடி வந்த பிள்ளையின் கேள்வியை அச்சத்தால் மூடி வைப்பது நமக்கு அளிக்கப்பட்ட அமானிதத்திற்கு அழகன்று என்று கருதினோம்.

மறுநாள் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியிலிருந்து தொடங்கினோம். போர்க்களத்தில் கலிமாவை மொழிந்த ஒருவரை, உயிருக்கு அஞ்சியே அவர் அதை மொழிந்தார் என்றெண்ணி உஸாமா வெட்டிவிட்டார்கள். அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்று நபிகளார் (ஸல்) கடிந்து வினவினார்கள். வஹீ நின்றுபோன பின், மனிதர்களை அவர்களுடைய வெளிப்படையான செயல்களைக் கொண்டே எடைபோட முடியும் என்று உமர் (ரலி) அவர்களும் அறிவித்தார்கள். நீதிமன்றம் நிற்பதும் அந்த எல்லைக்குள்தான்.

அடுத்து, நம் நாட்டின் வழக்கொன்றை எடுத்துக்கொண்டோம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொலையாளிகள் படகில் வந்து இறங்கிய கோடியக்கரை, நம் கரையிலிருந்து தெற்கே அதிகத் தொலைவில் இல்லை. நீதிமன்றம் எவருடைய நெஞ்சையும் பிளக்கவில்லை. புகைப்படக்காரரின் கேமராவில் எஞ்சிய படங்கள், மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் பார்த்த ஒத்திகை, கடிதங்கள், வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கோத்துப் பார்த்தது.

சட்டம் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறது. ஏன் செய்தான் என்பது காரணம். எதை விளைவிக்கக் கருதிச் செய்தான் என்பது எண்ணம். இந்த வழக்கில் காரணம் தெளிவாக இருந்தது: இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியதன் மீதான சினம், அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தால் அப்படை திரும்ப வரும் என்ற அச்சம். ஆனால் தடாச் சட்டப்படி பயங்கரவாதம் என்று கூற, அரசை அச்சுறுத்தவோ மக்களிடையே பீதியைப் பரப்பவோ கருதினர் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இலக்கு அந்த ஒரு மனிதரே என்று கண்டு, தடாவின் பயங்கரவாதக் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. கொலைச் சதி நிலைத்தது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்த 26 பேரில் 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டனர்.

இவ்வளவு நுட்பமாக அளக்கும் தராசிலும் பிழை நேரக்கூடும். பேரறிவாளன் 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவருடைய வாக்குமூலத்தில் இருந்தது. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் வெளிப்படுத்தினார். எண்ணத்தைக் காட்டும் வாக்கியமே விடுபட்டுப் போயிருந்தது! 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

நம் சமுதாயம் மறக்க இயலாத கோவையையும் மாணவர்களுக்குச் சொன்னோம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. முந்தைய ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டதற்கான பழிவாங்கல் என்றது அரசுத் தரப்பு. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்றனர். அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தபின் 2007-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இவற்றுள் ஒன்றை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நீதியாகாது. ஒருவருடைய பெயரையும் தாடியையும் கொண்டு அவருடைய எண்ணத்தை முடிவு செய்வது அநீதி. அதுபோலவே, இழைக்கப்பட்ட கொடுமையைக் காரணங்காட்டி அப்பாவிகளைக் கொல்வதும் ஹராம். காரணம் நியாயமாகத் தோன்றினாலும் செயல் ஹலாலாகிவிடாது.

நிறைவாக அம்மாணவனிடம், “அல்லாஹ் நெஞ்சைப் பார்க்கிறான், நீதிபதி நெஞ்சு விட்டுச் சென்ற தடத்தைப் பார்க்கிறார். ஆகவே உன் சொல்லும் செயலும் உன் நிய்யத்துக்குப் பொய்ச்சாட்சி சொல்லாதபடி நடந்துகொள். பிறருடைய தடத்தைக் காணுமுன் அவர்களுடைய நெஞ்சைப் பற்றிப் பேசாதே” என்றோம். அந்தப் பிந்திய அறிவுரை, அண்டை வீட்டாரின் எண்ணங்களுக்கு அன்றாடம் தீர்ப்பெழுதும் நமக்கும் உரியதே.

அவனுடைய வாப்பா வாசலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, ஸலாம் கூறி, மகனின் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்றார். மறுநாளும் அம்மாணவன் வந்தான்.

நீதியின்மீது நிலைத்து நிற்கும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.