ஒவ்வாச் சில்லுகளில் வற்றாப்பளைக்கு

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் ஏ-34 வீதியிலே, வயலும் குளமும் பனையும் சூழ அமைந்த பழம்பதி முள்ளியவளை. வித்தியானந்தக் கல்லூரியும் காட்டா விநாயகர் ஆலயமும் இவ்வூருக்கு அணிசெய்வன. முல்லைத்தீவுக் கடலில் எடுத்துவரும் நீரால் இவ்வாலயத்தில் விளக்கேற்றிய பின்னரே, நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் நிகழ்வது மரபு. இரு கோவில்களுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியை நாம் நடந்தும் சைக்கிளிலும் பலமுறை கடந்துள்ளோம். எனினும், மாணவராயிருந்த 1990களில் ஒரு வாடகைக் காரில் அவ்வழி சென்றதே வாசகர்களுக்குச் சொல்லத் தக்கது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் வாகன உதிரிப் பாகங்களும் வன்னிக்குள் வருவது தடைப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை அந்நிலை நீடித்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய பிரித்தானியக் கார்களே அன்று ஊரவருக்குக் கைகொடுத்தன. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எண்ணெய்க்கு மாற்றுக் கண்டவர்கள் ரயருக்கு மாற்றுக் காணவில்லை. கிடைத்ததைப் பூட்டினர்.

நாம் ஏறிய கார் இடப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. பின் சில்லுகளில் ஒன்று மற்றதிலும் சிறியது. முன்னிரண்டு மட்டும் ஒத்தவை. காரணம் வினவியபோது முதியவரான சாரதி, “முன் சில்லு ஒவ்வாவிட்டால் கார் சொல்வழி கேளாது, தம்பி. பின் சில்லு எண்டால் ஆறுதலாய்ப் போகலாம், தூரம் போகேலாது” என்றார்.

அவர் சொல்லில் பொறியியல் உண்மை இருந்தது. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு 4 கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 2,120 முறை சுழலும். 58 சென்ரிமீற்றர் சில்லோ ஏறத்தாழ 2,195 முறை சுழல வேண்டும். இவ்வேறுபாட்டைத் தாங்குவது பின் அச்சிலுள்ள ‘டிபரென்சியல்’ என்னும் பற்சில்லுத் தொகுதி. வளைவுகளில் வெளிச்சில்லு கூடுதலாகச் சுழல்வதற்கென அமைந்த அது, சில்லுகள் ஒவ்வாதபோது நேர்வீதியிலும் ஓய்வின்றி உழைக்கிறது. குறுந்தூரம் மெல்லச் சென்றால் பொறுக்கும். நெடுந்தூரம் விரைந்தால் சூடேறித் தேயும். மழைநாளில் பிரேக் பிடித்தால் வண்டி ஒருபுறம் இழுத்துச் சறுக்கவும் கூடும்.

சைக்கிள்காரர் எம்மை முந்திச் சென்றனர். சாரதி பொருட்படுத்தவில்லை. வற்றாப்பளையில் இறங்கியதும் அவர் முதலிற் செய்தது, குனிந்து பின் அச்சின் உறையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்ததே. அது ஆறும்வரை மரநிழலில் காத்திருந்த பின்னரே திரும்ப இசைந்தார்.

இன்று அத்தடை இல்லை. ஓர் அச்சின் இரு ரயர்களும் ஒரே அளவும் ஒரே வகையுமாய் இருத்தல் வேண்டும். ரேடியலையும் பழைய குறுக்கிழை ரயரையும் ஓர் அச்சிற் கலத்தல் ஆகாது. புதிய கார்கள் சிலவற்றோடு வரும் சிறிய மாற்றுச் சில்லிலும், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீற்றரே எல்லை எனப் பொறித்திருப்பர். அது பழுதுபார்க்கும் இடம்வரை செல்வதற்கு மட்டுமே. அன்றைய சாரதிக்கு அவ்வெல்லையை எவரும் பொறித்துக் கொடுக்கவில்லை. அவரே அறிந்து அதற்குள் அடங்கி ஓட்டினார். வழியின்றி அவர் செய்ததை, வழியிருந்தும் நாம் சோம்பலாற் செய்தல் தகாது.