பாதியில் போன காவல்காரன்!

முன்பெல்லாம் பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வீட்டின் நிர்வாகம் இருக்கிறது என்பார்கள். இப்போது பீரோவில் இருந்ததில் பாதி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கரண்ட் பில், கேஸ் புக்கிங், பாங்க் டெபாசிட், குழந்தைகளின் மார்க் லிஸ்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதற்குக் காவலாக நாம் போட்டு வைப்பதுதான் ஆன்டி வைரஸ்.

அந்தக் காவல்காரன் சரியாக வேலை செய்யவில்லை என்றால், "எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பல சமயம் சுலபமாகத்தான் முடியும். சில சமயம் அது போகவும் மாட்டேன், வரவும் மாட்டேன் என்று பாதியில் நின்றுவிடும். அப்போது என்ன செய்வது? எங்கள் வீட்டில் மூன்று நாள் போராடித் தெரிந்து கொண்டதைச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்போம். 1986-ல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ் ஃப்ளாப்பி தகட்டின் மூலம் ஊர் ஊராகப் பரவியது. 2000-ல் 'ஐ லவ் யூ' என்ற காதல் கடிதம் போல ஈமெயிலில் ஒன்று வந்து உலகையே கலக்கியது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. இப்படிப்பட்ட திருடர்கள் உள்ளே வந்ததும் முதலில் காவல்காரனைத்தான் வெளியே தள்ளப் பார்ப்பார்கள். அதனால் ஆன்டி வைரஸைச் செய்கிறவர்கள், அதை யாரும் லேசில் பிடுங்கி எறிய முடியாதபடி கம்ப்யூட்டரின் ஆழத்தில் வேர் விட்டிருக்கும்படி செய்கிறார்கள். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே அதுவும் விழித்துக் கொள்ளும். தன்னைத் தானே காத்துக் கொள்ளும். நல்ல குணம்தான். ஆனால் வீட்டுக்காரர்களே அதை அனுப்ப நினைக்கும்போது அந்தக் குணமே தொல்லையாகி விடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மே மாதம். என் பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தாள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தோம். என் மாமனாரின் பென்ஷன் கணக்கும் அதில்தான் பார்ப்பது வழக்கம். ஆன்டி வைரஸ் ஒரு வாரமாகப் புதுப்பித்துக் கொள்ளாமல் சிவப்புக் குறி காட்டிக் கொண்டே இருந்தது. எடுத்துவிட்டுப் போடும்படி அதுவே திரையில் சொன்னது. அவளும் ஆரம்பித்தாள். பாதி தூரம் போனபோது பொட்டென்று கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். பெட்டி ரிப்பேருக்குப் போயிருந்த நேரம்.

கரண்ட் வந்து பார்த்தால், மூலையில் இருக்கும் அடையாளப் படத்தைக் காணோம். ஆனால் ப்ரோக்ராம் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. நீக்கு என்றால், நீக்குவதற்கு வேண்டிய ஃபைல் இல்லை என்கிறது. சரி, புதிதாகப் போடலாம் என்றால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை முதலில் நீக்கு என்கிறது. திரிசங்கு சொர்க்கம் என்பார்களே, அதுதான்!

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. விண்டோஸிலேயே 'டிஃபெண்டர்' என்று ஒரு காவல் இருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. நாம் வேறு ஆன்டி வைரஸ் போட்டால் அது மரியாதையாக ஒதுங்கிக் கொள்ளும். அதை எடுத்துவிட்டால் தானே முன்னால் வந்து நிற்கும். ஆனால் பாதி நீக்கிய ஆன்டி வைரஸின் பெயர் பதிவில் இருக்கும்வரை, "அவர்தான் இருக்கிறாரே" என்று இது ஒதுங்கியே நின்றுவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பழைய காவல்காரன் வேலை செய்யவில்லை. புதியவன் உள்ளே வரவில்லை. சொந்தக் காவல்காரனும் திண்ணையில் உட்கார்ந்து விட்டான். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். அதுதான் பயம்.

இந்த நிலையில் முதல் வேலையாக இண்டர்நெட்டைத் துண்டித்தேன். பாங்க் பக்கம் போகவே கூடாது என்று பெண்ணிடம் சொல்லிவிட்டேன். சான்றிதழ்களையும் போட்டோக்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தோம். நகையை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டால் அப்புறம் பூட்டை நிதானமாக ரிப்பேர் பார்க்கலாம் அல்லவா?

இதற்குள் என் வீட்டுக்காரர் போனில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பரைக் கண்டுபிடித்து விட்டார்.

"ஏம்மா, நம்பர் கிடைச்சிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்களாம்" என்றார்.

பேசிய ஆள் தேன் ஒழுகப் பேசினான். உங்கள் திரையை நான் இங்கிருந்தே பார்ப்பதற்கு ஒரு சாஃப்ட்வேர் போடுங்கள், பதிவுக் கட்டணம் ஐந்தே ஐந்து ரூபாய் பாங்க் கார்டில் கட்டுங்கள் என்றான்.

"என்னங்க, போனை வையுங்க" என்றேன். "முகம் தெரியாத ஆளுக்கு வீட்டு வாசலைத் திறந்து விட்டுட்டு, பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்றான்."

சகோதரிகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். தேடினால் வருகிற நம்பர் எல்லாம் அந்தக் கம்பெனியின் நம்பர் அல்ல. மோசடிக்காரர்களும் தங்கள் நம்பரை அப்படிப் போட்டு வைக்கிறார்கள். கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலோ, வாங்கிய பெட்டியிலோ இருக்கும் நம்பர்தான் நம்பர். யாராவது ஏமாந்து பணம் போய்விட்டால் அழுது கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கென்று அரசு வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அன்று இரவு சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன்.

"அத்தை, பயப்படாதீங்க. இது எல்லா வீட்லயும் நடக்கறதுதான். நான் சொல்ற வரிசையில செய்யுங்க. வரிசை மாறக் கூடாது" என்றான்.

"சாம்பார் வைக்கிற மாதிரின்னு சொல்லு" என்றேன். சிரித்தான்.

அவன் சொன்ன வரிசை இது. முதலில் கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போடுவது போதாது. இப்போதைய விண்டோஸ் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, ஷட் டவுனில் கொஞ்சம் விழிப்போடுதான் தூங்குமாம். ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல். பிறகு 'செட்டிங்ஸ்' போய், 'ஆப்ஸ்' பட்டியலில் பெயரைப் பிடித்து மறுபடி நீக்கிப் பார்க்க வேண்டும். ஆன்டி வைரஸ் திறக்கிற நிலையில் இருந்தால், அதற்குள்ளேயே இருக்கும் தற்காப்பு ஸ்விட்சை முதலில் அணைத்துவிட வேண்டும். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. அடுத்ததுதான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு ஆன்டி வைரஸ் கம்பெனியும் தன் சரக்கை அடியோடு பெருக்கித் தள்ளுவதற்கென்று ஒரு தனித் துடைப்பத்தை இலவசமாகத் தருகிறது! நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட், ஈசெட் என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நீக்கும் கருவி உண்டு. ஒருவர் துடைப்பம் இன்னொருவர் குப்பையைப் பெருக்காது. எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்தே எடுக்க வேண்டும். வேறு இடத்தில் எடுத்தால் துடைப்பத்தோடு தேளும் வரும்.

எங்கள் கம்ப்யூட்டரில் இண்டர்நெட்டைத் துண்டித்திருந்தோமே? மாடி போர்ஷன் டீச்சரம்மாவின் லாப்டாப்பில் அதை எடுத்து, பென் டிரைவில் கொண்டு வந்தோம்.

அதைச் சாதாரணமாக ஓட்டியபோதும் நடுவில் நின்றது. "அத்தை, இனிமே சேஃப் மோட்தான்" என்றான். சேஃப் மோட் என்றால், கம்ப்யூட்டர் மிகவும் அவசியமானவற்றை மட்டும் எழுப்பிக் கொண்டு மற்றவற்றைத் தூங்க விட்டு ஓடும் நிலை. ஆன்டி வைரஸும் அப்போது பெரும்பாலும் தூங்கிக் கொண்டிருக்கும். தூங்கும்போது தூக்கிப் போட்டுவிடலாம்.

அதற்கு ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக் கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நீலத் திரை வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் டிஸ்க் முழுதும் பூட்டப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்கச் சாவி எண் ஒன்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்து இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக் கொண்டு அப்புறம் இதில் இறங்குங்கள்.

சேஃப் மோடில் துடைப்பம் அழகாக வேலை செய்தது. பட்டியலில் பெயர் போய்விட்டது. அப்பாடா என்று எழுந்த என்னை, "இருங்கத்தை, வேற ஏதாவது பேர் இருக்கான்னு பாருங்க" என்று உட்கார வைத்தான். பார்த்தால், கம்ப்யூட்டர் வாங்கியபோது இலவச மாதிரியாக வந்த இன்னொரு ஆன்டி வைரஸ், கெடு முடிந்தும் ஒரு மூலையில் கிடந்தது! ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது. அதையும் அதன் துடைப்பத்தைக் கொண்டு வந்து பெருக்கினோம். மறுபடி ரீஸ்டார்ட்.

மறுநாள் இண்டர்நெட்டைக் கொடுத்து, கம்பெனி வெப்சைட்டிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டோம். மறுபடியும் தகராறு! இணைப்பு சரியில்லை, உரிமம் செல்லாது என்றது. இந்த முறை காரணத்தைக் கண்டுபிடித்தது என் பெண்தான்.

"அம்மா, தேதியப் பாரேன்!" என்றாள்.

திரையின் மூலையில் பல வருஷத்துக்கு முந்தைய தேதி. பழைய கம்ப்யூட்டருக்குள் வட்டக் காசு போல ஒரு சின்ன பாட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்து போனால், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால், வெப்சைட்டின் அத்தாட்சிகள் செல்லாதவை போலத் தோன்றி, ஆன்டி வைரஸ் தன் வீட்டோடு பேச முடியாது. முதலில் அது புதுப்பித்துக் கொள்ளாமல் சிவப்புக் குறி காட்டியதும் இதனால்தான் இருக்க வேண்டும் என்றான் அண்ணன் மகன். தேதியைத் திருத்தியதும் மறுபேச்சில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து கொண்டது. பிறகு கடையிலிருந்து அந்தக் காசு பாட்டரியை வாங்கி வந்து மாற்றினோம். விலையும் அதிகமில்லை.

போட்டதோடு விடவில்லை. புதுப்பிக்க விட்டு, மறுபடி ரீஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரு முறை சோதிக்க விட்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வந்தும் அது ஓடிக் கொண்டிருந்தது. வைரஸ் எதுவும் இல்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பக்கத்தைத் திறந்தால் இப்போது யார் காவல் என்று தெரியும். அங்கே ஒரே ஒரு பெயர் வேலை செய்வதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாங்க் பக்கத்தைத் திறக்கலாம் என்றேன். கடைசித் தேதிக்கு முதல் நாள், என் பெண் விண்ணப்பத்தை அனுப்பிக் கட்டணமும் கட்டினாள்.

இன்னும் சில குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன். 'ரெஜிஸ்ட்ரி' என்ற இடத்தில் போய் இதை அழி, அதை அழி என்று யாராவது சொன்னால் கை வைக்காதீர்கள். அது கம்ப்யூட்டரின் நாடி. பணம் கட்டி ஆன்டி வைரஸ் வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைச் சரியாக ஓட விட்டு, விண்டோஸையும் தவறாமல் புதுப்பித்து வந்தால் சாதாரணக் குடும்பத்துக்கு நல்ல காவல்தான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். கூரை ஓட்டையாக இருக்கும்போது வாசலில் காவல் போட்டு மட்டும் பயனில்லை. நீக்குவது, போடுவது போன்ற வேலைகளை யு.பி.எஸ். இருக்கும்போது, அவசர வேலை இல்லாத நாளில் வைத்துக் கொள்ளுங்கள்.

பால் கணக்கு, கேஸ் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் இப்போது ஆன்டி வைரஸின் பெயர், வாங்கிய தேதி, முடியும் தேதி, எந்த ஈமெயிலில் பதிவு செய்தோம் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவில்லை. நீங்களும் இன்றே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "இதெல்லாம் நமக்கெதற்கு, பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் நம்மோடுதான் இருக்கப் போகிறது.