வாராக்கடன் அண்ணாச்சி

எங்க தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. செமஸ்டர், அசைன்மென்ட், ப்ராஜக்ட் என்று தள்ளிக்கொண்டே போனது. இந்தப் பொங்கல் லீவில் அவருடைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். இனிமேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

தாத்தா பிறந்தது 1941இல். இறந்தது 2022இல். சாத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். சாத்தூர் என்றதும் எல்லாருக்கும் காராச்சேவு ஞாபகம் வரும், அதற்கு அடுத்து வெள்ளரிக்காய். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பலருடைய அடுப்பு எரிந்தது தீப்பெட்டி ஆபீஸை நம்பித்தான். (வெளியூர்க்காரர்களுக்கு: தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) சனிக்கிழமை சம்பளம். வியாழக்கிழமையே வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். மழைக்காலம் என்றால் குச்சி காயாது, வேலை குறையும், சம்பளமும் குறையும். அப்போதெல்லாம் எல்லாரும் வந்து நிற்பது எங்கள் தாத்தா கடையில்தான். "அண்ணாச்சி, நோட்டுல எழுதிக்கோங்க." அவரும் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் வியாபாரம் :)

தாத்தா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு விருதுநகரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தபோது அவர் அங்கே கடைப்பையன். அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, அன்றிலிருந்து 100 காசு. நாலணாவுக்கு 25 காசு, கணக்கு சரியாக வரும். ஆனால் ஒரு அணாவுக்கு? ஆறேகால் காசு! அந்தக் கால் காசு யாருக்கு? முதலாளி 7 காசாக வாங்கச் சொல்வாராம். தாத்தா 7 காசு வாங்கிக்கொண்டு, முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கை பொரிகடலையைப் பொட்டலத்தில் சேர்த்துப் போட்டுவிடுவாராம். "கால் காசுக்குக் கடலை போட்டவன்டா நான்" என்று கடைசி வரைக்கும் பெருமை அடித்துக்கொள்வார்.

1963இல் சொந்தக் கடை போட்டபோதும் இந்தக் கொசுறு பழக்கம் போகவில்லை. குழந்தை வந்தால் கற்கண்டு, கிழவி வந்தால் வெற்றிலைக்கு ஒரு பாக்கு. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஒரு துண்டு வெல்லம்.

அவருக்கு விளையாட்டுப் புத்தி வேறு ஜாஸ்தி. தாயம் ஆடினால் கள்ளாட்டம்தான். காய் தானாக நகர்ந்திருக்கும், கேட்டால் "காத்து அடிச்சிருக்கும் பேராண்டி" என்பார். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற சனத்துக்கு மோர்ப்பந்தல் போடுவார். பந்தலில் நின்று அவர் அடிக்கிற கிண்டலுக்கே தனிக் கூட்டம் நிற்கும். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் போதும், பேரன் பேத்திகளோடு தெருப் பிள்ளைகளையும் சேர்த்து வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது அப்பாவுக்கு 3 வயது. கடையைப் பூட்டிவிட்டு அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு படத்துக்குப் போனாராம். பூட்டிய கடைக்கு முன்னால் பாட்டி நின்று வந்தவர்களுக்குப் பதில் சொன்னது தனிக் கதை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களை மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஒரு பக்கம் உட்காரவைத்து, மறுபக்கம் எடைக்கல் போடுவார். "இந்த வருஷம் பயலுக்கு விலை ஏறிப்போச்சு" என்று சத்தமாக அறிவிப்பார். தெருவே சிரிக்கும்.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அப்போது நான் எட்டாம் வகுப்பு. மறுநாள் காலையில் ஓர் அம்மா கையில் ஒற்றை 500 ரூபாய் நோட்டோடு கடைக்கு வந்து அழுதுவிட்டார். தாத்தா சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "நோட்டுதான தாயி செல்லாது? நீ செல்லுவ. சாமான எடுத்துட்டுப் போ."

இதுவரை படித்தால் உங்களுக்கும் தாத்தாவைப் பிடித்திருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

தாத்தா இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் "கர்ணன்யா அவரு" என்றார்கள். என் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் நானாகக் கேட்டபோது ஒரே ஒரு வரி சொன்னார். "உங்க தாத்தா ஊருக்கு ரொம்ப நல்லவரு."

1988இல் அப்பாவுக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. ஹாஸ்டலும் சேர்த்துக் கட்டப் பணம் இல்லை. விருதுநகர் மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கிக்காகப் பாட்டியின் ஐந்து பவுன் சங்கிலி ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது. அது திரும்பவே இல்லை, ஏலத்தில் மூழ்கியது. அப்பா 18 வயதில் கடையில் உட்கார்ந்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் செய்த முதல் காரியம் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று போர்டு எழுதி மாட்டியது. மறுநாளே ஒருவர் வந்து, "நேத்து நாளைன்னு போட்டிருந்துச்சே, அதான் வந்தேன் அண்ணாச்சி" என்றாராம். தாத்தா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டு கிலோ பருப்பைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார். அப்பா சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு நான் எடுத்தது அந்த 1988ஆம் வருடத்து நோட்டைத்தான். ஆட்களின் பெயரே அதில் கிடையாது. 'மூக்குத்தி தாயி', 'சைக்கிள் கடை மாப்பிள்ளை', 'குச்சி அடுக்குற பிள்ளை' என்றுதான் இருக்கும். வராத பாக்கியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'போகட்டும்' என்று எழுதியிருப்பார். நாங்கள் வகுப்பில் 'வாராக்கடன் க/கு பற்று, கடனாளி க/கு வரவு' என்று எழுதுவதை அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைப் பாக்கிக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. தாத்தா மூன்று மாதம்கூடக் காத்திருக்கவில்லை போல!

'போகட்டும்' எல்லாவற்றையும் உட்கார்ந்து கூட்டினேன். அந்த ஒரு நோட்டில் மட்டும் 9,860 ரூபாய். அப்பாவிடம் காட்டினேன். "என் படிப்பு அதுக்குள்ளதான் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

கணக்கியலில் முதல் பாடமே இதுதான்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதி நோட்டை மூட முடியாது. ஊர் தாத்தாவின் நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும்தான் படித்தது. மறுபக்கத்தில் பாட்டியின் சங்கிலியும் அப்பாவின் பி.காமும் இருந்தன. அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. இதனால் தாத்தா கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் எத்தனையோ வீட்டில் சோறு பொங்கியது நிஜம். ஆனால் அந்தப் புண்ணியத்தில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் கணக்கு இடிக்கும்.

தாத்தாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த ஒரு வயதான அம்மா, சேலை முந்தியில் முடிந்திருந்த 400 ரூபாயை அப்பா கையில் வைத்து, "அண்ணாச்சி கடை பாக்கி, ரொம்ப வருஷமாச்சு" என்றார். அப்பா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நேராகப் பாட்டியிடம் போய், "இந்தாம்மா, உன் சங்கிலி" என்று நீட்டினார். பாட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணிக்குக்கூடக் காணாதுடா" என்று சொல்லிச் சிரித்தார். தாத்தா இறந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அப்பா இப்போதும் கடன் கொடுக்கிறார். போர்டும் அங்கேயே தொங்குகிறது. பெரிய தொகை என்றால் மட்டும் உள்ளே திரும்பி, "அம்மா, கொடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பாட்டி இதுவரை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் தாத்தா கேட்காமல் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கர்ணன் இருந்திருப்பார். அடுத்த முறை அவர் கதையை யாராவது பெருமையாகச் சொன்னால், ரசித்துக் கேளுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அப்படியே அடுப்படிப் பக்கம் போய், அந்தக் கதையின் மறுபக்கத்தையும் கேட்டுவிட்டு வாருங்கள்.